முந்நூறு மில்லிசெக்கன்

சவர்க்காரப் பெட்டிதான்.
மாங்குளம் சந்தியில் நூற்றிருபது ரூபாய்.
மூடி பச்சை, அடி வெள்ளை.
ஏன் அண்ணை இப்பிடி என்றதற்கு
உள்ளது இதுதான் என்றார்.

எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.
நகமளவு ரேடியோ, விரல் நீளப் பலகை,
எங்கள் கடையில் செத்த போனொன்றின் பற்றரி.
வீங்கியதைத் தொடுவதில்லை,
வீங்காததையும் இரண்டு தரம் தடவிப் பார்ப்பேன்.

கடைகளில் விற்கும் கொன்ட்ரோலர்கள்
இரண்டு பெருவிரல் உள்ளவர்களுக்கு.
எனது இடது பெருவிரல்
ஒன்பது வயதில் நீண்டது, பிறகு மடியவில்லை.
ஆகவே ஒரே ஒரு குச்சி, வலப்பக்கம்.
முன்னுக்குத் தள்ளினால் இரண்டு சில்லும் ஓடும்.
சரித்தால் ஒன்றுக்குக் கூடும், மற்றதுக்குக் குறையும்.
கூட்டல் கழித்தல், ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
எழுதி முடிக்க மூன்று இரவு போனது.
நடு இரவு கரண்ட் இல்லை.

ரோபோ ஜெனிற்றனுடையது.
நூற்றைம்பது கிராம், கால் கொத்து அரிசிகூட இல்லை.
உடைந்த மண்வெட்டி விளிம்பை அராவி
அலகு செய்திருந்தான்.
பெயர் முசுறு.

முதல் சோதனையில் பெட்டியை நிற்பாட்டிப் பார்த்தேன்.
முசுறு நிற்கவில்லை.
கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு
சுவரை இடித்தது, திரும்ப இடித்தது,
என் செருப்பின் வாரை அறுத்தது.
ஜெனிற்றன் சிரித்தான்.
நான் சாக்கை எறிந்து மூடினேன்.
சாக்குக்குள்ளும் அது முன்னுக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவே அந்த வரியை எழுதினேன்:
முந்நூறு மில்லிசெக்கன் ஒரு சொல்லும் வராவிட்டால்
எல்லாவற்றையும் நிறுத்து, அலகை முதலில்.
பெட்டிக்கும் ஒரு காது உண்டு.
ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கிருந்து
கிடைத்தது என்று ஒரு சின்னப் பதில் வரும்.
வராவிட்டாலும் பெட்டி அனுப்பிக்கொண்டே இருக்கும்.
அம்மா வியாழக்கிழமைகளில்
கிளிநொச்சிப் பந்தலுக்குப் போகிறா, படத்தோடு.

போட்டி மண்டபத்தில் கண்ணாடித் தகட்டுக் கூண்டு.
எதிரே வவுனியாப் பெடியன்களின் கருங்குளவி.
நாற்பது செக்கன் வரை முசுறுதான் மேல்;
இடது மோட்டாரின் இழுவையைக்கூட
அது நடிப்பாக்கிக்கொண்டது.
பிறகு ஒரு சிலுக்கு.
அன்ரெனா பறந்து கூரையில் பட்டது.
முசுறு சொல்வழி நின்றது.
நடுவர் பத்து வரை எண்ணினார்.

முன்வரிசைச் சிறுமி கேட்டாள், ஏன் அக்கா நிண்டது?
நிக்கச் சொல்லி எழுதினனான் என்றேன்.
அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

வென்ற கருங்குளவி ஓயவில்லை.
பெடியன் கொன்ட்ரோலரைத் தட்டினான், உதறினான்,
பற்றரியைக் கழற்றியும் பார்த்தான்.
கூண்டுக்குள் தன்பாட்டில் சுழன்றது அலகு.
கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல நிறுத்தினோம்.
யாரும் கதவைத் திறக்கவில்லை.
பற்றரி தீரும்வரை, நாலு நிமிஷம்,
மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

பஸ் முறிகண்டியில் நின்றது.
ஜெனிற்றன் கச்சான் வாங்கி வந்தான்,
உடைத்தபடியே சொன்னான்:
முந்நூறு கூட, நூறாக்கு.
நூறில் நின்றிருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம் என்றேன்.
அதுக்கில்லை, அது ஒரு ஒழுங்கு என்றான்.

மடியில் பெட்டியைத் திறந்தேன்.
குச்சியின் அடியில் கச்சான் தோல் ஒன்று.
முந்நூறை மாற்றப்போவதில்லை.
சிலது கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும்.

நாளைக்குப் புது அன்ரெனா.
ஒற்றைச் செப்பு நரம்பு,
முப்பத்தொரு மில்லிமீற்றர்.
அதில் மட்டும் ஒரு மயிரளவும் கூடக் கூடாது.